கஞ்சிக் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்த சட்டம்

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கிண்ணத்தையும் கரண்டியையும் ஏந்திக்கொண்டு மேசையை விட்டு எழுந்து போய், இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்று கேட்கிறான். சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலைப் படிக்காதவர்களுக்கும் இந்தக் காட்சி தெரியும். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். அது ஓர் அனாதை இல்லம். அங்கே இருந்தவர்கள் இரக்கமில்லாதவர்கள். எழுதியவரும் அப்படி ஓர் இடத்தில்தான் வளர்ந்தார்.

முதலாவதும் மூன்றாவதும் தகவல் பிழைகள், எளிதாகத் திருத்திவிடலாம். நடுவில் இருப்பதுதான் விஷயம். நாவலில் கொடுமைக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனின் பசிக்குக் காரணம் அவர்களுடைய கெட்ட குணம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் கதை கைநழுவிப் போகும். அங்கே ஒரு விதி இருந்தது. நல்லவர்கள் பலர் யோசித்து, கணக்குப் போட்டு, வேதவசனத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதிய விதி. அது எங்கேயும் தவறவில்லை, எழுதியவர்கள் நினைத்தபடியே வேலை செய்தது.

நான் இந்தக் கதையை முதலில் படித்தது மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பில். கிண்ணம் இருந்தது, பையன் இருந்தான், அதட்டும் குண்டு மனிதரும் இருந்தார். சட்டத்தைப் பற்றிய கிண்டல் மட்டும் மொத்தமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. பின்னால் முழு நூலைப் படித்தபோது அந்தக் கிண்டல்தான் கதையின் முதுகெலும்பு என்று தெரிந்தது.

இல்லை என்று சொல்லாமல் இல்லை என்பது

வசதியான ஒரு பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். கஷ்டம் என்று வருகிற உறவினருக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் அவர் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. "தாராளமா வாங்கிக்கோ" என்பார். என்ன, வருகிறவர் வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். வீட்டில் எல்லார் முன்னாலும் தன் வரவு செலவை ஒப்பிக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் ஒரு வண்டி விறகையும் பிளந்து வைக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் வருகிறவர்கள் தானாகக் குறைந்துவிடுவார்கள். பெரியப்பாவுக்கு இதில் இரண்டு லாபம். செலவு மிச்சம் என்பது தெரிந்ததே. இரண்டாவது லாபம் நுட்பமானது. வருகிறவர் நிஜமாகவே கஷ்டப்படுகிறாரா, நடிக்கிறாரா என்று அவர் விசாரிக்கவே வேண்டாம். இவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொண்டு ஒருவர் வருகிறார் என்றால் அதுவே போதுமான சாட்சி.

இந்தப் பெரியப்பாவை ஒரு நாட்டின் சட்டமாக மாற்றினால் கிடைப்பது 1834-இல் இங்கிலாந்தும் வேல்ஸும் பெற்ற ஏழையர் சட்டத் திருத்தம். அதற்கு முன் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். மதம் கதைக்குள் வருவது அங்கேதான்.

பாரிஷின் செலவுக் கணக்கு

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1601-இல், ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்த பாரிஷின் கடமை என்று சட்டம் வந்தது. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்பார்களே, அதுதான். ஆனால் இங்கிலாந்தில் அது வழிபாட்டு எல்லையாக மட்டும் இல்லாமல் உள்ளாட்சி எல்லையாகவும் இருந்தது. அங்கே வீடு, நிலம் வைத்திருந்தவர்களிடம் ஏழையர் வரி வசூலித்து, அதிலிருந்து முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் உதவினார்கள். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் ஏதாவது ஒரு தொழில்காரரிடம் பயிற்சிக்கு ஒப்படைத்துவிடுவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரி கட்டுகிறவனும் உதவி வாங்குகிறவனும் ஒரே ஊர். ஒவ்வொரு ஏழையும் பக்கத்து வீட்டுக்காரரின் செலவுக் கணக்கில் ஒரு வரி. அதனால் இவன் எந்த பாரிஷின் பொறுப்பு என்ற கேள்வி உயிர்நாடியாகிவிட்டது. 1662-இல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, வேற்று பாரிஷைச் சேர்ந்த ஏழையைத் திருப்பி அனுப்பலாம்.

திருமணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை, அது பிறந்த பாரிஷின் பொறுப்பு என்பது அப்போதைய விதி. விளைவை யோசித்துப் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி எல்லைக்குள் தென்பட்டால் அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கும். பிரசவத்துக்கு முன் அவளைப் பக்கத்து பாரிஷுக்குள் தள்ளிவிட்டால் குழந்தையின் பல வருடச் செலவு மிச்சம். அப்படித் தள்ளவும் செய்தார்கள். ஆலிவரின் தாய் பெயர் தெரியாத பெண்ணாகத் தெருவில் விழுந்துகிடந்து, தூக்கிவரப்பட்டு, பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு அது சினிமாத்தனமான தொடக்கமாகத் தோன்றாது.

1830களின் தொடக்கத்தில் ஏழையர் வரி ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பவுண்டை எட்டியிருந்தது. 1795-இல் பெர்க்‌ஷயர் மாவட்டத்தின் ஸ்பீன்ஹம்லாந்தில் கூடிய நீதிபதிகள், ரொட்டி விலையையும் குடும்பத்தின் அளவையும் பார்த்துக் கூலிக்கு மேல் உதவித்தொகை கொடுக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்திருந்தார்கள். தெற்கு மாவட்டங்கள் பலவற்றில் இதைப் போன்ற ஏற்பாடுகள் இருந்தன. பாரிஷ் கொடுக்கிறதே என்று முதலாளிகள் கூலியைக் குறைக்கிறார்கள், ஏழைகள் சோம்பேறி ஆகிறார்கள் என்று புகார் கிளம்பியது. மக்கள் தொகை உணவை விட வேகமாகப் பெருகும் என்று 1798-இல் எழுதிய தாமஸ் மால்தஸும், உதவி கொடுப்பது ஏழைகளைப் பெருக்கத்தான் செய்யும் என்ற கட்சிக்காரர். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர் என்பது பலருக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பழைய சட்டத்தில் உதவி இருந்தது, ஆனால் அது உள்ளூர் வரிக்காரர்களின் முணுமுணுப்போடு சேர்ந்தே வந்தது. குழந்தை என்பது பாரிஷுக்கு ஒரு செலவுத் தலைப்பு.

தாழ்ந்த தட்டு

1832-இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கையை முக்கியமாக எழுதியவர்கள் பொருளாதார அறிஞர் நாசாவ் சீனியரும் எட்வின் சாட்விக்கும். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1834 சட்டம் வந்தது. இங்கே இரண்டு கலைச்சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, தாழ்நிலைக் கோட்பாடு. உதவி வாங்கிப் பிழைப்பவனின் நிலை, உழைத்துப் பிழைப்பவர்களிலேயே கடைசியில் இருப்பவனின் நிலையை விடக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இருவரையும் ஒரு தராசில் வைத்தால் உதவி வாங்குகிறவன் தட்டு எப்போதும் தாழ்ந்தே நிற்க வேண்டும்.

இரண்டு, ஒர்க்ஹவுஸ் சோதனை. ஒர்க்ஹவுஸ் என்றால் உதவி கேட்பவர்கள் உள்ளே வந்து தங்கி, கொடுத்த வேலையைச் செய்து, கொடுத்ததைச் சாப்பிட வேண்டிய விடுதி. உழைக்கத் தெம்புள்ளவன் உதவி கேட்டால் கையில் காசு கொடுக்காதே, "உள்ளே வா" என்று சொல். வந்தால் அவன் நிஜமான ஏழை. வராவிட்டால் அவனுக்குத் தேவையில்லை. விசாரணையே வேண்டாம்! சொன்னேன் அல்லவா, பெரியப்பா.

சுமார் 15,000 பாரிஷ்களை ஏறத்தாழ 600 ஒன்றியங்களாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஒன்றியத்தையும் வரி கட்டுபவர்கள் தேர்ந்தெடுத்த 'கார்டியன்' குழு நிர்வகித்தது. கார்டியன் என்றால் காப்பாளர். பெயர் வைத்தவர் கிண்டலாக வைக்கவில்லை.

ஒர்க்ஹவுஸ் அனாதை இல்லம் இல்லை. அங்கே முதியவர்கள், நோயாளிகள், வேலையிழந்தவர்கள், குழந்தையோடு வந்த தாய்மார்கள் எல்லாரும் இருந்தார்கள். சிறையும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டு வெளியேறலாம். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே போனால் பட்டினி என்பதுதான் பூட்டு. நாவலில் டிக்கன்ஸ் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உள்ளே இருந்து மெல்லச் சாவதா, வெளியே இருந்து சட்டென்று சாவதா என்று ஏழைகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், குழுவினர் யாரையும் வற்புறுத்தமாட்டார்கள் என்கிறார். ஒர்க்ஹவுஸ் சோதனைக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோட்பாட்டில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. வெளியே இருந்த கடைசிக் கூலிக்காரனே அரைவயிற்றுக்குத்தான் சாப்பிட்டான். அவனை விடக் குறைவாகச் சாப்பாடு போட்டால் ஆள் செத்துப்போவான். அப்படியானால் தட்டை எதை வைத்துத் தாழ்த்துவது? சாப்பாட்டில் கை வைக்க முடியாத இடத்தில் மற்றவற்றில் கை வைத்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். சொந்த உடையைக் கழற்றிவிட்டுச் சீருடை. புகையிலையும் மதுவும் கிடையாது. கல் உடைப்பது, எலும்பு இடிப்பது, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்குவது என்று வேலைகள். ஆலிவரிடம் உனக்குப் பயனுள்ள தொழில் கற்றுத்தரப்போகிறோம் என்று சொல்லி, மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கயிறு பிரிக்கும் வேலையில்தான் உட்காரச் சொல்கிறார்கள்.

தராசில் குழந்தையை வைத்தால்

சரி, உழைக்கத் தெம்பிருந்தும் உழைக்காத ஆளைத் தடுப்பதற்கு இந்த விதி என்றே வைத்துக்கொள்வோம். ஒர்க்ஹவுஸுக்குள் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குழந்தைகள். அவர்கள் யாரும் கணக்குப் பார்த்து, வெளியே உழைப்பதை விட உள்ளே போவது லாபம் என்று முடிவு செய்து வந்தவர்கள் இல்லை. பெரியவனின் மனத்தை மாற்றுவதற்காகச் செய்த கசப்பு மருந்தை, மனம் மாற வேண்டிய தேவையே இல்லாத குழந்தையும் குடிக்க வேண்டியிருந்தது. ஏன் அவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யவில்லை? உள்ளே பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் தாய் தகப்பன் தயங்காமல் வந்துவிடுவார்கள் அல்லவா!

படிப்பு விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையாக இருந்தது. ஒர்க்ஹவுஸ் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று விதி இருந்தது. வாசிப்பு, எழுத்து, கிறிஸ்தவ மத போதனை. சில கார்டியன்கள் வாசிக்கக் கற்றுத்தருவதோடு நிறுத்திக்கொள்ளலாம், எழுத்து வேண்டாம் என்றார்கள். வெளியே இருக்கிற கூலிக்காரனின் பிள்ளைக்கு எழுதத் தெரியாதே, இவர்களுக்கு எழுதக் கற்றுத்தந்தால் தராசு சாய்ந்துவிடுமே என்ற கவலை. கோட்பாட்டின்படி பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆக, பெரியவர்களின் தேர்வைப் பற்றிய ஒரு விதி, தேர்வே இல்லாதவர்கள் மீதும் பாய்ந்தது. நாவலாசிரியர் ஏன் ஒரு குழந்தையைக் கதாநாயகனாக்கினார் என்பதற்குக் கண்ணீர் வரவழைக்கும் உத்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சோம்பேறி என்ற குற்றச்சாட்டு ஒட்டவே ஒட்டாத ஓர் ஆளை அந்த விதிக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறார்.

கதைக் கஞ்சியும் நிஜக் கஞ்சியும்

இப்போது வரலாறு கேட்கிற கேள்வி. கதையில் வரும் கஞ்சி நிஜமா?

நாவலில் தினம் மூன்று வேளை நீர்க்கஞ்சி, வாரம் இரண்டு முறை ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரை ரொட்டி. பையன்கள் கிண்ணத்தைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி மினுக்கிவிடுவதால் அவற்றைக் கழுவ வேண்டிய தேவையே வரவில்லை என்று ஒரு குறும்பு வரி.

நிஜத்தில், 1835-இன் இறுதியில், புதிய சட்டத்தை மேற்பார்த்த ஏழையர் சட்ட ஆணையர்கள் ஆறு மாதிரி உணவுப் பட்டியல்களை வெளியிட்டார்கள். அவற்றில் முதலாவதன்படி காலையில் ரொட்டியும் ஒன்றரை பைண்ட் கஞ்சியும், அதாவது சுமார் 850 மில்லிலிட்டர். மதியத்துக்குச் சில நாள் இறைச்சி, சில நாள் சூப். இரவு ரொட்டியோடு பெரும்பாலும் பாலாடைக்கட்டி. சலிப்பான சாப்பாடு, ஆனால் கதையில் வருவதை விட நிறையவே மேல். 2008-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அக்கால உணவுப் பட்டியல்களைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களும், ஒன்பது வயதுப் பையன் வளர அது போதும் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

அந்தப் பட்டியலின் அடியில் குழந்தைகளைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. ஒன்பது வயதுக்குக் கீழே என்றால் பார்த்துக் கொடுக்கவும், ஒன்பதுக்கு மேல் என்றால் பெண்களுக்குரிய அளவு. ஆலிவரை ஒர்க்ஹவுஸுக்குக் கொண்டுவருவது அவனுடைய ஒன்பதாவது பிறந்தநாளில். டிக்கன்ஸ் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வயதை வைத்தாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அளவு மாறுகிற அந்த வயதில் பையன் கிண்ணத்தைத் தூக்குவது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் நாவல் பொய் சொல்கிறதா? அவசரப்பட வேண்டாம். பட்டியலில் இருப்பது வேறு, கிண்ணத்தில் விழுவது வேறு. 1845-இல் ஹாம்ப்‌ஷயரின் ஆண்டோவர் ஒர்க்ஹவுஸில் உரத்துக்காக எலும்பு இடித்துக்கொண்டிருந்த ஆட்கள், அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்த சதையையும் மஜ்ஜையையும் சண்டை போட்டுக்கொண்டு தின்றது வெளியே வந்தது. விடுதி மேலாளர் அவர்களுடைய பங்கைத் திருடியிருந்தார். மறு ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1847-இல் ஆணையர்கள் அமைப்பையே கலைத்துவிட்டு வேறு வாரியம் வைத்தார்கள். நாவல் முடிந்தது 1839-இல். எழுதியவர் சோற்றின் அளவை மிகைப்படுத்தினார், ஆனால் கண்காணிக்க ஆளில்லாத விதி எங்கே போய் முடியும் என்பதைச் சரியாகவே சொல்லிவிட்டார்.

இன்னொரு குழப்பத்தையும் வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கதை மாத இதழில் வரத் தொடங்கியது 1837 பிப்ரவரி. அப்போது ஒன்பது வயது என்றால் ஆலிவர் பிறந்தது 1834-க்கு முன், அதாவது பழைய சட்டத்தின் கீழ். பீடில் என்ற பாரிஷ் சேவகர் பழைய சட்டத்தின் ஆள். கஞ்சியைக் குறைக்கும் குழு புதிய சட்டத்தினுடையது. நாவல் இரண்டையும் ஒரே கட்டடத்துக்குள் போட்டுக் கலக்கிவிடுகிறது. (போகிற போக்கில், இதை விக்டோரியா காலக் கதை என்பார்கள். கஞ்சிக் காட்சி அச்சாகும்போது அரியணையில் இருந்தவர் நான்காம் வில்லியம். விக்டோரியா வந்தது அந்த ஜூனில்.)

எழுதியவரின் பால்யம்

டிக்கன்ஸ் ஒர்க்ஹவுஸில் வளர்ந்தவர் இல்லை. 1824-இல் அவருடைய தந்தை ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குச் சுமார் 40 பவுண்டு பாக்கி வைத்ததால் மார்ஷல்சீ கடன்காரர் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் ஜாடிகளுக்குத் தாள் ஒட்டும் வேலையில் இருந்தான். வாரக் கூலி ஆறேழு ஷில்லிங். அங்கே அவனிடம் அன்பாக நடந்துகொண்ட ஒரு பையனின் பெயர் பாப் ஃபேகின். பின்னால் நாவலின் திருட்டுக் கும்பல் தலைவனுக்கு அந்தப் பெயரை வைத்தார். நன்றியை இப்படியும் காட்டலாம் போல.

இந்த விஷயத்தை அவர் உயிரோடிருந்தவரை வாசகர்கள் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அவர் 1870-இல் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. ஆகவே முதல் வாசகர்கள் யாரும் 'இவர் சொந்தக் கதையை எழுதுகிறார்' என்று படிக்கவில்லை. நடப்புச் சட்டம் ஒன்றைப் பற்றிய சண்டையாகத்தான் படித்தார்கள். அவரும் 1830களின் தொடக்கத்தில் நாடாளுமன்றச் செய்தியாளராக இருந்தவர். லண்டனில் அவர் குடும்பம் குடியிருந்த ஒரு வீட்டுக்குச் சில கட்டடங்கள் தள்ளி ஒர்க்ஹவுஸ் ஒன்றும் இருந்தது. சொந்த அவமானத்தின் சூடு ஒரு பக்கம், சட்டத்தைப் பற்றிய அறிவு இன்னொரு பக்கம். சுயசரிதை என்று சுருக்கினால் இரண்டாவது தொலைந்துபோகிறது.

பொத்தானில் ஒரு சமாரியன்

பீடிலான பம்பிளின் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான்கள். அவற்றில் பாரிஷின் முத்திரை பொறித்திருக்கிறது. என்ன முத்திரை? அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டும் நல்ல சமாரியன். புத்தாண்டுக்குக் குழுவினர் பரிசளித்த கோட்டு என்று பெருமையாகக் காட்டுகிறார். நாவலில் மதத்தைப் பற்றிய விமரிசனம் எங்கே என்று கேட்டால் நான் அந்தப் பொத்தானைத்தான் காட்டுவேன். நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கெடுதலாகச் சொல்லவில்லை. அது கோட்டில் தைத்த பொத்தான் ஆகிவிட்டது என்கிறார், அவ்வளவுதான்.

இங்கேயும் ஒரு தவறான எண்ணம் உண்டு, மதம் முழுவதும் கொடுமையின் பக்கம் நின்றது என்று. அப்படி ஒரே கோடாக இல்லை. வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற பவுலின் வசனத்தைச் சட்டத்தின் ஆதரவாளர்கள் எடுத்தாண்டார்கள். அதே வேதத்தின் சமாரியன் கதையை எதிர்ப்பாளர்கள் எடுத்தாண்டார்கள். 1834 சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஒர்க்ஹவுஸில் இருப்பவரை அவருடைய மதக் கொள்கைக்கு மாறான வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், பெற்றோர் ஆட்சேபித்தால் குழந்தைக்கு வேறு மதப்பிரிவைப் போதிக்கக் கூடாது என்றும் சொன்னது. சோற்றில் கணக்குப் பார்த்த சட்டம் மனச்சாட்சிக்கு இடம் விட்டிருந்தது விசித்திரம்தான்.

மதமும் சட்டமும் கைகோத்த இடம் வேறு: திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. 1834-க்கு முந்தைய சட்டத்தில், தகப்பன் யார் என்று தாய் சத்தியம் செய்து சொன்னால் பாரிஷ் அவனிடம் செலவை வசூலிக்கும். 1834 சட்டம் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டியது, பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்வரை. தகப்பனைப் பிடிப்பது மிகக் கடினமாக்கப்பட்டது. தவறுக்குப் பெண் விலை கொடுத்தால் ஒழுக்கம் வளரும் என்பது வாதம். 1844-இல்தான் தாய் தானே நீதிபதியிடம் போய்த் தகப்பன் மீது முறையிடும் வழி வந்தது. நாவலின் முதல் அத்தியாயத்தில் மருத்துவர் இறந்துபோன பெண்ணின் இடது கையைத் தூக்கிப் பார்த்து, திருமண மோதிரம் இல்லை, வழக்கமான கதைதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார். அன்றைய வாசகருக்கு அந்த வெறும் விரல் ஒரு சட்டப் பிரிவாகத் தெரிந்திருக்கும்.

மைக்கூடு இருந்த இடம்

கஞ்சி கேட்ட மறுநாள் ஒர்க்ஹவுஸ் கதவில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள்: இந்தப் பையனை அழைத்துப் போகிறவருக்கு ஐந்து பவுண்டு. பயிற்சிக்கு ஒப்படைக்கும்போது பாரிஷ் இப்படிப் பணம் கொடுப்பது வழக்கம். புகைபோக்கி சுத்தம் செய்யும் ஒருவன் வருகிறான். இது மோசமான தொழில், ஆகவே பணத்தைக் குறைத்துத்தான் கொடுப்போம் என்று குழு பேரம் பேசுகிறது. இந்தத் தர்க்கத்தை நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

ஒப்பந்தத்தில் நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும், அது சட்டத்தின் பாதுகாப்பு. பார்வை மங்கிய அந்த முதிய நீதிபதி பேனாவைத் தொட மைக்கூட்டைத் தேடுகிறார். அவர் நினைத்த இடத்தில் அது இருந்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும், பையன் புகைபோக்கிக்குள் போயிருப்பான். மைக்கூடு கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் மேசை முழுக்கத் தேடுகிறவரின் பார்வை, தற்செயலாகப் பையனின் வெளுத்த முகத்தில் விழுகிறது. நிறுத்திவிட்டு விசாரிக்கிறார். ஆலிவர் தப்பிக்கிறான்.

சட்டத்தின் பாதுகாப்பு ஒரு மைக்கூட்டைச் சார்ந்திருக்கிறது என்பது கதையின் குத்தல். நிஜமும் பெரிதாக மாறுபடவில்லை. எட்டு வயதுக்குக் கீழே புகைபோக்கி வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றக் கூடாது என்று 1840-இல் வந்தது. இரண்டையும் மீறினார்கள். அந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம், அதைப் போலீஸ் கண்காணிக்கும் என்று 1875-இல் வந்த பிறகுதான் சிறுவர்களை ஏற்றுவது நின்றது.

நீதிமன்றத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. 1849 ஜனவரியில் லண்டனுக்குத் தெற்கே டூட்டிங்கில், ஒர்க்ஹவுஸ் பிள்ளைகளைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி வைத்துக்கொள்ளும் தனியார் விடுதி ஒன்றில் காலரா பரவி ஏறத்தாழ 180 குழந்தைகள் இறந்தார்கள். நெரிசல், பட்டினி, குளிர். விடுதி நடத்தியவர் மீது ஒரு குழந்தையின் மரணத்துக்காக வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார். நன்றாகப் பராமரித்திருந்தால் அந்தக் குழந்தை காலராவிலிருந்து பிழைத்திருக்கும் என்று நிரூபிக்க முடியவில்லை. டிக்கன்ஸ் கொதித்துப்போய்ப் பத்திரிகையில் எழுதினார்.

சட்டம் கேட்பது இதைத்தான்: இந்த ஆள், இந்தச் செயல், இந்தச் சாவு, மூன்றையும் சேர்க்கும் கயிறு எங்கே? பசியில் மெலிந்த நூறு பிள்ளைகளின் கதையில் அந்தக் கயிறு கிடைக்காது. நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது ஒரு பையனுக்குப் பெயர் கொடுத்து, பசியை முதல் நாளிலிருந்து காட்டிவிடுகிறது. அதற்காக அது கொடுக்கிற விலையும் உண்டு. விதிக்கு முகம் கிடையாது என்பதால் பம்பிளைப் போன்ற ஒரு முகத்தை வரைய வேண்டியிருக்கிறது. வாசகர் அந்த முகத்தை வெறுத்துவிட்டு விதியை மறந்துவிடுகிறார். சுருக்கப் பதிப்பு படித்த நானும் அதைத்தான் செய்தேன்.

பெயரும் முகவரியும்

கஞ்சிக் காட்சியில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு விவரம்: ஆலிவர் தைரியத்தால் எழுந்து போகவில்லை. பையன்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், அவன் பெயர் வந்தது. அந்தப் பெயரும் அவனுடையதில்லை. கண்டெடுத்த பிள்ளைகளுக்கு அகர வரிசைப்படி பெயர் வைப்பது பம்பிளின் ஏற்பாடு. முந்தைய குழந்தை எஸ், ஸ்வபிள். அடுத்து டி, ட்விஸ்ட். அதற்கடுத்து வரப்போகிறவனுக்கும் பெயர் தயாராக இருந்தது.

கார்டியன் குழுக்கள் 1930-இல் போயின. ஏழையர் சட்டமே 1948-இல் முடிந்தது. அதற்கு வெகுமுன், 1904-இல், பிறப்புப் பதிவுத் தலைமை அதிகாரி ஒரு யோசனை சொன்னார். ஒர்க்ஹவுஸில் பிறக்கும் குழந்தையின் சான்றிதழில் அந்த இடத்தின் பெயரை எழுத வேண்டாம், பின்னாளில் அந்தக் குழந்தை தலைகுனிய நேரும், வெறும் தெருப் பெயரும் கதவு எண்ணும் போதும். வெட்கத்தைக் காவலுக்கு வைத்து நடத்திய கட்டடத்துக்கு, பிறந்த குழந்தையைக் காப்பாற்ற ஒரு பொய் முகவரி தேவைப்பட்டது.